ஊசி குதித்த இடம்

மே 6, செவ்வாய்

காலையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்த முதல் ஆள் திருமதி டுபோஸ். காதில் ஹெட்ஃபோன், கையில் பொத்தான். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே உட்கார்ந்து ஒலிகளை அனுப்புவது என் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்தது வேறு. குறையில்லை.

சீரான இடைவெளியில் அனுப்பக் கூடாது. இந்தச் செவி மருத்துவமனையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சீராக அனுப்பினால் காது கேட்காமலே கை அழுத்திவிடும். இன்று நான் சீராக அனுப்பியிருக்க வேண்டும், கவனிக்கவில்லை. நான் நிறுத்திய பிறகும் அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

“சத்தம் வராதப்பவும் அழுத்துறீங்க.”

“வரப்போவுதுன்னு தெரிஞ்சுது. முன்னாடியே அழுத்திட்டேன்.” கதவுவரை போய்த் திரும்பினார். “நான் பாஸா ஃபெயிலா, அதச் சொல்லு.”

வீட்டுக்கு வந்தேன். வாசலில், தெருவோரம், நாற்காலி.

சமையலறை நாற்காலி. மஞ்சள் இருக்கை, எவர்சில்வர் கால். பிப்ரவரியில் அண்ணன் கோர்டெஸ் போட்டது. பனியை வாரி இடம் தோண்டியவனுக்கு அந்த இடம் சொந்தம். நாற்காலி போட்டுவிட்டுப் போனால், அவன் திரும்பும்வரை வேறு யாரும் வண்டி நிறுத்த மாட்டார்கள். சிகாகோவில் இதற்கு எழுதிவைத்த சட்டம் இல்லை. மீறினவன் டயர் பிழைத்ததும் இல்லை.

கோர்டெஸ் இடத்தைத் தோண்டினான், நாற்காலியைப் போட்டான், அம்மாவை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டான். அங்கே படிக்கட்டில் பனி கிடந்தது. அதையும் வாரினான். அங்கேயே விழுந்தான். முப்பத்தாறு வயது இதயம்.

திரும்பவில்லை. ஆகவே நாற்காலி இருக்கிறது. பனி உருகி, சேறு காய்ந்து, இப்போது மரத்திலிருந்து பஞ்சு விழுகிறது அதன்மேல்.

மே 10, சனி

பக்கத்து வீட்டில் வானொலி. பாட்டோடு பாட்டு ஒட்டிய சனிக்கிழமை மிக்ஸ், இந்த ஊரில் பிறந்த ஹவுஸ் ஆட்ட இசை, பழைய டிஸ்கோ. சுவர் வழியாக அடித்தாளம் வருகிறது. காதில் விழுகிறது. கேட்கவில்லை.

இப்படி எழுதினால் யாருக்காவது புரியுமா? எனக்குப் புரிகிறது. பிப்ரவரியிலிருந்து எல்லாப் பாட்டும் காதில் விழுகிறது.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். ஆலயத்தில் தாய் இருப்பவர்கள் சிவப்புப் பூ, இல்லாதவர்கள் வெள்ளைப் பூ குத்திக்கொள்வார்கள். அம்மா வாசலில் நின்று எல்லோருக்கும் இடம் காட்டினாள், வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எந்த நிறம் என்று யாரும் முடிவுசெய்யவில்லை.

மே 17, சனி

அலொன்சோ வந்தான். கோர்டெஸும் அவனும் பள்ளியிலிருந்து சேர்ந்து டிஜே செய்தவர்கள். கைநிறைய பொட்டலம், வறுத்த கோழி, சிவப்புக் குழம்பு ஊறிப்போன ரொட்டி. சாவுக்குப் பிறகு அவன் வெறுங்கையோடு வருவதில்லை.

ஜூலை விருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறான். ஏரிக்கரைப் பூங்கா, முதல் சனிக்கிழமை, கூடாரங்கள், அடுப்புகள், காலை முதல் பொழுது சாயும்வரை இசை. மூன்று மணிக்குத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரம் எப்போதும் கோர்டெஸுடையது.

“தங்கச்சி, நீ ஒண்ணும் பண்ண வேணாம். மேசைய வெப்போம். அவன் ஹெட்ஃபோன வெப்போம். போட்டோ. ஒரு மெழுகுவத்தி. பட்டன அமுக்கினா அவன் மிக்ஸே ஓடப்போவுது.”

“ஏரிக் காத்துல மெழுகுவத்தி நிக்காது,” அடுப்படியிலிருந்து அம்மா.

“சரி ஆன்ட்டி, மெழுகுவத்தி வேணாம்.”

“மேசையும் வேணாம். ஆளில்லாத மேசையப் பாக்க நான் வரல. அடக்கத்துக்கு ஒருதரம் போயாச்சு.”

ஆளில்லாத நாற்காலியைத் தெருவில் வைத்திருக்கிறவள் சொல்கிறாள்.

அவன் சொன்ன மிக்ஸ் எல்லோரிடமும் இருக்கிறது. ஒன்பது கோடைக்கு முன்னால் அதே பூங்காவில் பதிவானது. நாவிதர் கடையில், கார்களில், கல்யாணங்களில் ஓடி ஓடி இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மனப்பாடம். அதில் ஒரு பாட்டு. பழைய சோல் பாட்டு, கீழே ஹவுஸ் தாளத்தை வைத்துத் தைத்திருப்பான். பாடகி ‘வருகிறேன், கொஞ்சம் பொறு’ என்று இழுக்கிற இடத்தில் யாரோ மேசையை இடித்து இசைத்தட்டு ஊசி குதித்துவிட்டது. ‘வரு—’ என்றதும் நேராக ஊதுகொம்புகள். சொல் பாதியில் அறுந்தது. பதிவிலும் அப்படியே அறுந்தது.

இப்போது எல்லோரும் அப்படித்தான் பாடுகிறார்கள். ‘வரு—’ என்று கத்திவிட்டு ஒரு குதி, கைகள் மேலே. அந்தக் குதிக்குப் பெயர்கூட உண்டு. வெர்னெட்டா குதி. ஏனென்றால் இடித்தது எங்கள் அம்மாவின் இடுப்பு. ஆலயத்தில் இடம் காட்டும் சிஸ்டர் வெர்னெட்டா.

அம்மாவைக் கேட்டால், “நான் அங்க இல்லவே இல்ல.” ஒன்பது வருடமாக இதே பதில்.

“அப்ப யாரு நிக்கிறது, ஆன்ட்டி? வேற ஒருத்தனுக்கு அந்த நேரத்தக் குடுக்க எனக்கு மனசு வரல.”

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. அதிலிருந்தே தெரிந்தது.

“நான் நிக்கிறேன்,” என்றேன். பேருந்து வந்தால் ஏறுவதைப் போலத்தான் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

ஏன் சொன்னேன்? ஒன்றும் கேட்காதவள் ஒரு மணி நேரம் என்ன செய்வாள்? தாளத்தை எண்ணுவாள்.

மே 24, சனி

நிலவறைக்கு இறங்கினேன். பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறை. அவன் இசைத்தட்டுப் பெட்டிகள் அப்படியே. டர்ன்டேபிள்மேல் அம்மாவின் பழைய மேசைவிரிப்பு.

பதினாலு வயதில் இங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒரு பாட்டு ஓடும்போது இன்னொன்றை ஹெட்ஃபோனில் பிடித்து, வேகத்தை இழுத்து, இரண்டு இதயமும் ஒன்றாக அடிக்கும்போது திறந்துவிட வேண்டும். ஒட்டவில்லையென்றால் கோர்டெஸ் மாடிப்படியிலிருந்து கத்துவான்: “ரயில் கவுந்துருச்சு, ரயில் கவுந்துருச்சு! செத்தவங்களத் தூக்குங்கடா!” பிறகு நான் படிக்கப் போனேன், கோடையில் மட்டும் இறங்குவேன்.

இரண்டு தட்டை எடுத்தேன். எண்ணினேன். ஒன்று இரண்டு மூன்று நான்கு. ஒட்டியது. இன்னொன்று. அதுவும் ஒட்டியது.

ரயில் கவிழவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 3, செவ்வாய்

மழை. நாற்காலி இருக்கையில் தண்ணீர் நின்றது. அம்மா துண்டோடு போய்த் துடைத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 12, வியாழன்

சன்னல் திறந்திருந்தது. தெருவில் யாரோ ஒரு பையன், வேறு பக்கத்துக்காரன், வண்டியை நிறுத்த இடம் தேடி நாற்காலியில் கைவைத்துவிட்டான். எதிர்வீட்டு பர்னல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கரி அடுப்புக் கரண்டியோடு இறங்கி வந்தார்.

“ஏம்பா, கண்ணு தெரியலயா? நாற்காலி இருக்குல்ல.”

“பெரியவரே, ஜூன் மாசம். பனி எங்க இருக்கு?”

“பனி எங்க இருந்தா உனக்கென்ன. நாற்காலி இருக்கு. போ.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அது ஒனக்கு எதுக்கு? நீ என்ன வானிலை ஆபீசா?”

பையன் போய்விட்டான். பர்னல் நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தி, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்து, இன்னும் ஒரு அங்குலம் நகர்த்தினார்.

இந்தத் தெரு முழுக்க ஒரு பிழையைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பாட்டிலும் ஒரு பிழை, தெருவிலும் ஒரு பிழை. அன்பு என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது. இல்லை, முட்டவும் இல்லை. முட்ட வேண்டும் என்று தெரிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

அந்தப் பாட்டின் தட்டைக் கண்டுபிடித்தேன். கீறல் இல்லை. இடித்ததில் ஊசிதான் குதித்தது, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுவதும் ஓடவிட்டேன். ‘வருகிறேன், கொஞ்சம் பொறு, விளக்கை அணைக்காதே.’ இவ்வளவு நீளமான வரி. ஒன்பது வருடமாக யாரும் கடைசிவரை போனதில்லை.

அலொன்சோவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். தட்டையே போடப்போகிறேன், குதிக்காமல்.

“தங்கச்சி. ஊசி குதிக்கலேன்னாலும் ஜனம் குதிக்கும்.”

“குதிச்சா குதிக்கட்டும். ஒரு தடவையாவது அந்த வார்த்த முடியட்டும்.”

“ஒங்கண்ணன் இருந்தா ஒன் மண்டையில ஒண்ணு போட்டிருப்பான்.”

“அவன் இல்ல. அதத்தான் நானும் சொல்றேன்.”

ஜூன் 20, வெள்ளி

கடைசி ஆள் வரவில்லை. நானே கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். உடன் வேலைபார்ப்பவள் வெளியிலிருந்து ஒலிகளை அனுப்பினாள். மிகச் சின்னது, வெகு தூரத்தில் கொசு போல. அழுத்தினேன். எல்லாம் அழுத்தினேன்.

“வௌவால் காது ஒனக்கு,” என்றாள். வரைபடத்தைக் காட்டினாள். நேர்கோடு.

பழுதில்லை. இது நல்ல செய்தியா?

ஜூன் 28, சனி

இன்று அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. சண்டை என்பதும் பெரிய சொல்.

கீழே பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அந்தப் பாட்டு. முழு வரி போனது. படியில் அம்மா நின்றிருந்ததைப் பார்க்கவில்லை.

“அது என்ன, விளக்க அணைக்காதேன்னு?”

“பாட்டே அதுதாம்மா. எப்பவும் அதுல இருக்கு.”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாமப் போனதுக்கு நீதான் காரணம்.” சிரிப்பாகச் சொல்ல நினைத்தேன். வேறு மாதிரி வெளியே வந்தது.

“நான் அங்க இல்ல.”

“சரி.”

“ஒண்ணு கேக்குறேன், டெலோரா. அந்த ஒரு குதியையும் எதுக்கு எடுக்கற? அதாவது மிச்சம் இருந்துட்டுப் போகுது.”

“மிச்சத்த வெச்சு என்ன பண்ண? தெருவுல நாற்காலி, இங்க குதி. எல்லாரும் அவனுக்கு இடம் புடிச்சு வெச்சிருக்கீங்க. அவன் வரமாட்டாம்மா. வரவே மாட்டான். யாராவது சொல்ல வேணாமா?”

சொல்லிவிட்டேன். குரல் உயரவில்லை. ஒலி அளவு எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்தேன் — வேலைப் பழக்கம். சாதாரணப் பேச்சளவு.

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று.

அழுதாளா? தெரியாது. குழாய் திறந்திருந்தது.

நான் அழுதேனா? இல்லை. என்னையே கேட்டுக்கொண்டேன், இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா விருந்துக்கு வரப்போவதில்லையாம். பர்னலிடம் சொல்லி, பர்னல் என்னிடம் சொன்னார்.

ஜூலை 4, வெள்ளி

பட்டாசு. காதில் விழுந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நேற்றைப் பற்றி. ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

விடியும் முன்பே ஆட்கள் போய் இடம் பிடித்திருந்தார்கள். நான் போனபோது புல் தெரியவில்லை. கூடாரங்கள், மடக்கு நாற்காலிகள், விலா எலும்புப் புகை, வறுத்த கெளுத்தி மீன், ஒரு கூடாரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் உருளைக்கிழங்கு சாலட் யாருடையது மேல் என்று வழக்கு. பாதிப் பேர் மார்பில் கோர்டெஸ் முகம் அச்சடித்த பனியன். ஐநூறு கோர்டெஸ்கள் சிரித்துக்கொண்டு தட்டைக் கரண்டியால் கறி திருப்பினார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேசைக்குப் பின்னால் நின்றேன். அலொன்சோ மைக்கில் ஏதோ சொன்னான். கைதட்டல். முதல் தட்டு. எண்ணினேன். இரண்டாவது. ஃபங்க், பிறகு டிஸ்கோ, பிறகு கோர்டெஸுக்குப் பிடித்த அந்தக் கனத்த ஹவுஸ். ஒட்டியது, ஒட்டியது. ஜனம் ஆடியது. அவர்களுக்கு நல்லது என்று நினைத்தேன்.

பாதி நேரம் போயிருக்கும். பூங்காவின் பாதைப்பக்கம் கூட்டம் விலகியது. பர்னல் வருகிறார். தலைக்குமேல் மஞ்சள் நாற்காலி. பின்னால் அம்மா, வெள்ளை உடையில், ஆலயத்துக்குப் போகிற நடையில்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் தெருக்காரர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாற்காலி அவர்களுக்குத் தெரியும்.

என் மேசைக்கு இடப்பக்கம் போடச் சொன்னாள். உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள்.

“எதுக்கும்மா இத எடுத்துட்டு வந்த?” ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து தள்ளிக்கொண்டு.

“உக்காரத்தான். மடக்கு நாற்காலி எனக்கு முதுகு வலிக்குது.”

அவ்வளவுதான் பேசினோம்.

அந்தப் பாட்டு. தட்டில் ஊசியை வைத்தேன். முதல் சுற்றிலேயே ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டிகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். அடுப்புகளில் கறி கருகியிருக்கும். பாடகி ஏறினாள், ஏறினாள்.

‘வரு—’

பூங்கா முழுதும் கத்தியது. பூங்கா முழுதும் குதித்தது. கைகள் மேலே.

பாட்டு குதிக்கவில்லை. ‘—கிறேன், கொஞ்சம்’ என்று அவள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜனம் அங்கே, ஊதுகொம்புகள் வரவேண்டிய இடத்தில், தூக்கிய கையோடு நின்றது. பாடகி இங்கே, பின்னால். சத்தம் வராத இடத்தில் எல்லோரும் அழுத்திவிட்டார்கள்.

யாரும் என்மேல் கோபப்படவில்லை. அதை எழுத வேண்டும். கையை இறக்கவில்லை, அவ்வளவுதான். வரப்போகிறது என்று தெரிந்தவர்களின் முகம். எல்லா முகமும். பனியனில் இருந்த முகமும்.

நான் ஊசியைத் தூக்கினேன்.

திட்டமில்லை. எண்ணவும் இல்லை. தூக்கி, முன்னால் எங்கேயோ, அவர்கள் நிற்கிற பக்கமாக வைத்தேன். பெரிய கீறல் சத்தம். கொம்புகள் வெடித்தன. கொஞ்சம் தாமதம், கொஞ்சம் தப்பான இடம். அந்தக் கூச்சலை எப்படி எழுதுவது? ஏரிப் பறவைகள் கிளம்பிவிட்டன.

அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

“அந்தப் பக்கத்துலேர்ந்து இடிக்கணும்,” என்றாள் மேசையின் வலது மூலையைக் காட்டி. “இங்கேர்ந்து இடிச்சா அவ்வளவு தூரம் போகாது.”

“ஆன்ட்டி!” அலொன்சோ மைக்கை இறக்கவில்லை, பூங்கா முழுக்க எதிரொலித்தது. “ஒம்பது வருசம் கழிச்சு ஒத்துக்கிட்டீங்க!”

“நான் எதையும் ஒத்துக்கல. பொதுவாச் சொன்னேன்.”

ஆனால் இடுப்பு ஆடிக்கொண்டிருந்தது. கைப்பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கிட்டே குனிந்தேன். பாட்டு தாண்டிப் போய்விட்ட வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விளக்க அணைக்காத, விளக்க அணைக்காத.

பிறகு என்னால் எண்ண முடியவில்லை. அடுத்த தட்டைத் திறந்தேன், இரண்டு தாளமும் படியில் உருளும் பாத்திரங்கள்போல மோதின. அலொன்சோ முகத்தைச் சுளித்தான். கூட்டத்தில் யாரோ கத்தினார்கள், “ரயில் கவுந்துருச்சு!” எத்தனை பேர் சேர்ந்து கத்தினார்கள் — “செத்தவங்களத் தூக்குங்கடா!”

முகம் ஈரமாக இருந்தது. புகை என்று எழுதலாம். காற்று ஏரிப்பக்கமாக அடித்தது. புகை என் பக்கம் வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

நாற்காலி சமையலறையில். காலில் புல் ஒட்டியிருக்கிறது. யாரும் துடைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு நீலக் கார். யாருடையது என்று தெரியாது. எதிரே பர்னல் தன் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.

உள்ளே அம்மா சன்னலில்.

“யாருதுடி அது?”

“தெரியலம்மா.”

“எவ்வளவு கோணலா நிறுத்திட்டுப் போயிருக்கான் பாரு.” திரையை விட்டாள். “பாப்பா, சாப்பிட வா.”

பீன்ஸ், சோள ரொட்டி. அவள் மஞ்சள் நாற்காலிகளில் எதில் உட்கார்ந்தாள் என்று பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. எது தெருவில் இருந்தது என்று தெரிந்துகொள்ள இருக்கையின் வெளுப்பைப் பார்க்க வேண்டும். அதில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு வானொலி சுவர் வழியாக. அம்மா சுவரில் தட்டி, குறைக்கச் சொல்லக் கையைத் தூக்கினாள்.

“தட்டாதம்மா,” என்றேன். “கேட்டுக்கிட்டிருக்கேன்.”